எண்பத்தேழால் வகுத்தது

பகலில் பல் செய்கிறேன்.
சிவாஜிநகர் லேபில், மூன்றாவது மாடி,
நான் முகம் பார்க்காதவர்களின் கடைவாய்ப் பற்கள்.
ராத்திரி பையப்பனஹள்ளி வீட்டில்
அதே கருவிகள், டீசல் இன்ஜின்.

மெழுகு செதுக்கும் கத்தி ரேடியேட்டர் கிராதிக்கு.
பல்லை இழுத்துக் கட்டும் கம்பி, பாயிண்ட் மூன்று மில்லி,
ஏறும் படியோரக் கைப்பிடிக்கு.
எண்பத்தேழால் பெருக்கிப் பார்த்தால்
மழையில் நனைந்த ஒரு டிரைவர்
வழுக்காமல் பிடிக்கிற கனம்.

எடைக்கும் கணக்கு உண்டு.
நூற்றுப் பன்னிரண்டு டன்னை
எண்பத்தேழால் வகு, மறுபடி வகு, மறுபடியும் வகு.
நூற்று எழுபது கிராம்.
தராசில் ஒரு கொய்யாப்பழத்தை வைத்தேன், சரியாக நின்றது.
கொய்யாவைத் தின்றுவிட்டு
இன்ஜின் வயிற்றில் ஈயக்குண்டு நிரப்பினேன்.

சிவப்புதான் பாடாய்ப் படுத்தியது.
பல்லின் நிறம் பார்க்க என்னிடம் ஒரு அட்டை உண்டு.
அதில் பதினாறு வெள்ளை:
வெற்றிலை போடுகிறவர் வெள்ளை, ஃபில்டர் காபி வெள்ளை,
கல்யாணத்துக்கு முந்தின வாரம் கேட்கிற வெள்ளை.
சிவப்புக்கு அப்படி ஒரு அட்டை இல்லை.
கையிலிருந்த போட்டோக்கள்
ஒன்றை ஒன்று பொய் என்றன.
ஷெட்டில் இருபத்தாறு வருஷம் பெயின்ட் அடித்த முனிவெங்கடப்பாவை
ஹூடியில் ஒரு டீக்கடையில் பிடித்தேன்.
எந்தச் சிவப்பு சார்?
அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"அந்த மாசம் ஸ்டோர்ல எது பந்துதோ அதே, மேடம்."

பதினேழு இன்ஜின், பதினேழு சிவப்பு.
கண்காட்சியில் நடுவர் அதைப் பிழை என்று குறித்துக்கொண்டார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

கரி வகுபடாது.
அடுப்புக்கரியை இடித்து, மஸ்லினில் சலித்து,
புகைபோக்கி ஓரம் தூவினால்
அந்தக் கூரைமேல் அது கருங்கல் ஜல்லி.
"ஓடாத ரயிலுக்கு எதுக்குடி கரி?" என்கிறாள் அக்கா எஸ்தர்.
மோட்டார் வைக்கவில்லைதான்.
ஒரு அலமாரிப் பலகை, நேர்கோட்டுத் தண்டவாளம்,
அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் ஃபிரிட்ஜ்.

அப்புறம் தேதி வந்து உட்கார்ந்தது.
பதினேழும் ஒன்றாக ஷெட்டில் இருந்த ஒரு நாள்,
ஒரே ஒரு நாள் கிடைத்தால் போதும்,
அந்த நாளின் அழுக்கு, அந்த நாளின் கீறல் எல்லாம் வைத்துவிடுவேன்.
பதிவேட்டின் ஜெராக்ஸ் நகல்களைத் தரையில் பரப்பி
பென்சிலால் கோடு கோடாக இழுத்தேன்.
அப்படி ஒரு நாள் இல்லை.
முப்பத்திரண்டாம் எண்ணை வெட்டி எடைக்குப் போட்ட
பதினோராம் நாள்
நாற்பதாம் எண் புது பெயின்ட் மணக்க வந்திருக்கிறது.
பதினோரு நாளை எண்பத்தேழால் வகுத்தால்
மூன்று மணி நேரம்.
ஒரு வார்ப்பு இறுகி, ஆறி, கையில் எடுக்கிற நேரம்.

பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடு, யாருக்குத் தெரியும்
என்றாள் எஸ்தர்.
இந்த நாட்டில் ஒரு நாற்பது பேருக்குத் தெரியும்.
அது இல்லை விஷயம்.

பலகையில் பதினாறுக்குத்தான் இடம் விட்டேன்.
சில ஞாயிற்றுக்கிழமைகளில்
முப்பத்திரண்டை எடுத்து டப்பாவில் பஞ்சு சுற்றி வைக்கிறேன்.
அந்த இருபது சென்டிமீட்டர் தண்டவாளம்
மூன்று மணி நேரம் சும்மா கிடக்கும்.
துணி துவைப்பேன், மீன் கழுவுவேன்,
யாரும் அங்கே சீப்பு வைக்காமல் பார்த்துக்கொள்வேன்.
பிறகு நாற்பது.

இரவு பதினொன்றே காலுக்கு
வீட்டுக்குப் பின்னால் சரக்கு வண்டி போகும்.
இப்போது கரண்ட் இன்ஜின், புகை கிடையாது.
ஆனாலும் ஜன்னல் கண்ணாடி பேசும், டம்ளர் பேசும்,
பலகை நடுங்கும்.
பென்சிலால் போட்ட குறியிலிருந்து
பதினாறும் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கின்றன.

எண்பத்தேழால் பெருக்கினேன்.
நோட்டில் தேதி போட்டு எழுதினேன்:
ஓடிய தூரம், எட்டே முக்கால் சென்டிமீட்டர்.
பழுது இல்லை.