டிம்பாங் அக்கா

லோரி உள்ளே வரும்போது ஓர் எடை,
வெளியே போகும்போது ஓர் எடை.
கழித்தால் கிடைப்பது பழம்.
இருபத்தொரு வருஷம்
இந்தக் கழித்தலுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

லாபிஸ் பட்டணத்திலிருந்து ஆறு கல் உள்ளே,
செம்பனை ஆலை வாசலில் கண்ணாடி அறை.
ஜன்னலில் ஒரு கை நுழையுமளவு ஓட்டை.
அந்த ஓட்டை வழியே
மூவார், எண்டாவ், பத்து பகாட் என்று
சீட்டு நீட்டும் கைகள் வரும். முகங்கள் குறைவு.
நகக்கண்ணில் மண்ணின் நிறம் பார்த்தே
எந்தப் பக்கத்து லோரி என்று சொல்லிவிடுவேன்.
அந்தப் பக்கங்களுக்கு நான் போனதில்லை.

மேனேஜர் என்சிக் ரஹிமி
என் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.
வேறு ஆலையா? இல்லை.
கல்யாணமா? இல்லை.
உடம்புக்கு ஏதாவது? அதுவும் இல்லை.
'காரணம்' என்ற கட்டத்தில் என்ன போடுவது என்றார்.
சும்மா விடுங்கள் என்றேன்.
சும்மா விட கணினி சம்மதிக்கவில்லை.
'மற்றவை' என்று அழுத்தினார்.

வேன், ஆ கியோங் பள்ளிப்பிள்ளைகளை ஏற்றியது.
இருக்கைகளைக் கழற்றியாயிற்று,
ஒட்டிப்போன சூயிங்கம் மட்டும் வரவில்லை.
ஒன்பதாயிரம் வெள்ளி.
"தாமான் வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கலாம்"
என்றாள் தங்கை மிருணாளினி.
பிறகு, "எங்க குளிப்ப?" என்றாள்.
பிறகு அழுதாள்.
மறுநாள் ஒரு குக்கர் கொண்டுவந்து வைத்தாள்,
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல்.

கடைசி நாள், ஐந்து மணி தாண்டி,
வேனை எடைமேடையில் ஏற்றினேன்.
கண்ணாடி அறையில் என் நாற்காலியில்
யுகேஸ்வரி, வந்து எட்டு நாள்.
முதல்முறையாக அந்த ஓட்டைக்குள்
வெளியிலிருந்து கை நீட்டினேன்.
ஆயிரத்து அறுநூற்று எண்பது கிலோ.
மெத்தை, அடுப்பு, இரண்டு தண்ணீர்த் தோம்பு,
குக்கர், நான்.
"வெற்று எடை என்னன்னு போடட்டும் அக்கா?"
யோசித்தேன்.
உள்ளே வந்த அன்று
என்னை யாரும் நிறுக்கவில்லை.
சீட்டு பாதி காலியாக அச்சாகி வந்தது.

முதல் ராத்திரி மெர்சிங் போகும் வழியில்
ஒரு பெட்ரோல் நிலையத்து விளக்கடியில்.
விடுதலை என்றெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. கொசு.
தலையணைக்கடியில் ஸ்பானர்.
கழிப்பறைக்குப் போனவர்களை எண்ணினேன்:
பதினேழு பேர் உள்ளே,
பதினாறு பேர் வெளியே.
மீதி ஒருவன் தூக்கத்தைக் கெடுத்தான்.

மூன்று மணிக்குப் போலீஸ்காரர் தட்டினார்.
அடையாள அட்டையில் தோட்டத்து வீட்டு முகவரி,
சாவியை ஒப்படைத்துவிட்டு வந்த வீடு.
"இங்கேதான் இருக்கிறீர்களா?"
வாய் 'ஆமாம்' என்றுவிட்டது.
டார்ச்சை உள்ளே அடித்தார்.
மெத்தை தெரிந்தது, துணிக்கொடி தெரிந்தது,
குக்கர் மின்னியது.
"மழை வரும், கூரையைப் பாருங்கள்" என்று போய்விட்டார்.
வந்தது. மூன்று இடத்தில் ஒழுகியது.
ஓரிடத்துக்குக் குக்கர் ஆயிற்று.

காலையில் எனக்கு முன்னால் ஒரு பழ லோரி.
பின்டயர் பிதுங்கலைப் பார்த்தே தெரிந்தது,
பன்னிரண்டு டன், கொஞ்சம் கூட இருக்கும்.
கேட்க ஆளில்லை.
கண்ணாடியை இறக்கிச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
வளைவில் ஒரு குலை உருண்டு விழுந்தது.
இருபது கிலோ குறைந்துபோனதை
ஓட்டுபவன் அறியமாட்டான்.

ஆலைப் பலகை வந்ததும்
இடது சிக்னல் போட்டு அவன் திரும்பினான்.
நான் நேரே போனேன்.
நாலு கல் தாண்டி, பின்னால் வந்தவன்
ஹார்ன் அடித்த பிறகுதான் பார்த்தேன்:
என் வேனிலும்
இடதுபக்க விளக்கு மின்னிக்கொண்டே வந்திருக்கிறது.