நான்கு மில்லிமீட்டர்

ஆறு வருடமாக என் கண்கள் சிவப்பு.

வைரம் பிரிக்கிற வேலை. பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ்,
ஏழாவது மாடி, வடக்கு ஜன்னல்.
வெள்ளைத் தாளில் கற்களைக் கவிழ்த்து
டி, இ, எஃப் என்று வெண்மைக்குத் தரம் போடுவேன்,
நாளைக்கு எண்ணூறு கல்.
என் கண்ணின் வெள்ளையை
எந்த மேஜையில் கொண்டுபோய்க் கவிழ்ப்பது?

"ரோயீ க்யா?" என்பாள் லிஃப்டில் ஃபால்குனி.
"என்மேல் என்ன கோபம்?" என்பார் கதிரேசன்,
கண் சிவந்தால் சினம் என்று
தமிழ்ப் பாடத்தில் படித்த கணவர்.
மெட்ராஸ் ஐ என்று பயந்து
லேடீஸ் டப்பாவே ஒருநாள் ஒதுங்கியதில்
எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது.
அதை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.
நாத்தனார் செவ்வந்தி எலுமிச்சம்பழம் சுற்றிப் பிளந்து
கோலிவாடா முச்சந்தியில் எறிந்தாள்.
ஷேர் ஆட்டோ ஒன்று அதன்மேல் ஏறிப் போனது.

நான் நம்பியது வேறொன்றை.
மெடிக்கலில் சீட்டில்லாமல் தரும் சின்னக் குப்பி.
அண்ணாந்து இரண்டிரண்டு சொட்டு;
குர்லா வருவதற்குள் கல்யாணப்பெண்ணின் கண்.
நாலு மணிக்குத் திரும்பவும் சிவப்பு,
காலையில் இருந்ததைவிட ஒரு படி கூடுதலாக.
இரண்டு வேளை நாலானது, நாலு ஆறானது.
கைப்பையில் ஒன்று, டிராயரில் ஒன்று,
ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் ஒன்று.
குடிகாரி என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று
குடிகாரி மாதிரியே ஒளித்துவைத்தேன்.

சயானில் டாக்டர் மிருணாள் கார்கானிஸ்
கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகினார்.
ஐந்து நிமிடம்.
வெளியே யாரோ டோக்கன் நம்பருக்குச் சண்டை போட்டார்கள்.
பட்டையில் ஈரம் ஏறியது நான்கு மில்லிமீட்டர்.
பத்தாவது வர வேண்டும் என்றார்.

அழுதாயா அழுதாயா என்று
ஊரே கேட்ட கண்ணில்
அழவே தண்ணீர் இல்லை.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.
பிறகு இமையின் விளிம்பை அழுத்தித் திரையில் காட்டினார்:
எண்ணெய் கசிய வேண்டிய துளைகளில்
மார்கழி நெய்யாக உறைந்து ஏதோ.
"கல் பார்ப்பதுபோல் இதைப் பாருங்கள்" என்று
பேனா முனையை நீட்டி என் இமைகளை எண்ணினார்.
நிமிடத்துக்கு மூன்று.
தேவர்கள் இமைப்பதில்லையாம்.
சம்பளத்துக்குப் பார்க்கிறவள் இமைத்தாக வேண்டும்.

"அந்தக் குப்பி ரத்தக் குழாயின் கழுத்தை நெரிக்கிறது.
பிடி விட்டதும் அது முன்னைவிட அகலமாக மூச்சு வாங்குகிறது.
நிறுத்தினால் முதலில் இன்னும் சிவக்கும். தாங்குங்கள்.
வலித்தாலோ பார்வை மங்கினாலோ
அன்றைக்கே ஓடி வாருங்கள்."

மூன்று வாரம் தாங்கினேன். நடுவில் நவராத்திரி.
சுண்டல் கொடுத்த கைகள் எல்லாம்
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
"வீட்டில் சௌக்கியம்தானே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டன.

இரவு பத்து மணிக்குக் கண்மேல் வெதுவெதுப்பான துண்டு.
ஆற ஆற நனைத்துப் பிழிந்து தருகிறார் கதிரேசன்.
கோபமா என்று இப்போது கேட்பதில்லை;
சூடு போதுமா என்கிறார்.
ஏசியின் வாயைக் காலண்டர் அட்டையால் திருப்பிவிட்டேன்.
புதுச் சொட்டு, வெறும் கண்ணீரின் நகல்.
இருபது கல்லுக்கு ஒருமுறை
இமை இமையைத் தொடும்வரை மூடித் திறக்கிறேன்.
தூங்குகிறேன் என்று முதலில் முறைத்தார் ஹிதேஷ்பாய்.

நேற்று அவரே லூப்பை இறக்கி
என் முகத்தை வடக்கு வெளிச்சத்தில் ஒரு கணம் பார்த்தார்.
"ஜி" என்றார்.
எஃப் என்று பேரம் பேசினேன்.
உதட்டைப் பிதுக்கி அடுத்த பொட்டலத்தைப் பிரித்தார்.

சரிதான். சாயங்காலத்துக்குள் எச் ஆகிவிடும்,
மெட்ரோ தோண்டும் தூசியில் ஐ கூட ஆகலாம்.
கல்லுக்கு ஒருமுறை போட்டால் போட்டதுதான்;
எனக்குத் தினமும் போட வேண்டும்.

இருபதாவது கல்.
மூடுகிறேன்.