டேர்

வெறும் லாரியின் எடைக்கு
எங்கள் எடைமேடையில் டேர் என்று பெயர்.
ஊத்துக்கோட்டை தாண்டி சுருட்டப்பள்ளி போகும் சாலையில்
ஜல்லி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரி
இதையும் இறக்கிவிட்டுப் போனது.
மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும்.
பத்துக்கும் இருபதுக்கும் நடுவே
முடிவெடுக்காமல் துடித்தது சிவப்பு எண்.
ரசீது அடிக்கவில்லை.
பெயர் மட்டும் வைத்தேன்.

வா என்றால் பார்க்கும், வராது.
உட்கார் என்றால் என் வாயையே பார்க்கும்.
செவிடு என்றார் பஞ்சர் கடைத் தனகோட்டி.
கிளீனர் ஓபுலேசு டீசல் கையைத் துடைத்தபடி
ரா என்றான், சும்மா, பாதிக் குரலில்.
எழுந்து போய் அவன் முழங்காலை மோந்தது.
"தெலுங்கு நாயை ஏங்க்கா
தமிழ்ல கூப்புடுறீங்க?"

ஆக, படித்தது நான்.
கூச்சோ. ஆகு. ஒத்து.
ரா, ரா என்று பட்டப்பகலில் நின்று
இரவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
இரண்டு பாஷைக்கும் பொதுவாக
அதற்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த சொல்
ஒன்றே ஒன்றுதான்:
போ.

பழைய ட்யூபில் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார் தனகோட்டி.
"நாலு வை, நாலே நாள்ல மனுஷனாயிடும்."
வைக்கவில்லை. வாங்கி மேஜைமேல் போட்டேன்,
அவ்வளவுதான்.
மேஜைக்கடியில் ஈரம் பரவி வந்து
என் கால்விரலைத் தொட்டது.
யாரோ எனக்கு முன்பே
அந்த நாலையும் வைத்திருக்கிறார்கள்.

பிறகு வேர்க்கடலை. உப்பில்லாமல் வறுத்தது,
ஒன்றை இரண்டாக உடைத்து.
எடை போடுகிறவளுக்கு இது புரியும்:
ஆடும் எண் நிற்கிற நொடியில்
பொத்தானை அமுக்க வேண்டும்.
முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு.
பின்பக்கம் தரையைத் தொட்டதும் கடலை.
எழுந்த பிறகு கொடுத்தால்
எழுந்ததற்குக் கூலி.

தாவினால் முதுகைக் காட்டினேன்.
என் சேலையெல்லாம் பாதச்சேறு.
டிரைவர்கள் சிரித்தார்கள்.
பதினோராம் நாள்
தாவப்போய், பாதியில் யோசித்து,
உட்கார்ந்தது.

படுக்க மட்டும் நான் சொல்லித்தரவில்லை.
சுருட்டப்பள்ளிக் கோயிலில் சிவனே படுத்திருக்கிறார்,
விஷம் குடித்த களைப்பில், அம்மன் மடியில்.
அவருக்கு யார் உத்தரவு போட்டார்கள்?
ஒரு மதியம் என் செருப்பில் தலை வைத்து
அதுவாகப் படுத்தது.

ஐப்பசியில் ஒரு லாரி வந்தது.
அதே பச்சை, அல்லது வேறு பச்சை.
எடை போட்டுக் கிளம்பியதும் பின்னாலேயே ஓடிற்று டேர்.
ரா என்றேன். ரா, ரா என்று கத்தினேன்.
துரத்தினேன்.
துரத்தத் துரத்த அதற்கு வேகம் வந்தது.
எதிரே சிமெண்ட் லாரி, மழைத்தூறல்.
செருப்பு எப்போது கைக்கு வந்ததோ தெரியாது.

நின்றேன்.
திரும்பி, வந்த வழியே
பைத்தியக்காரி மாதிரி ஓடினேன்.
எனக்கே சிரிப்பு வந்தது, அழுகையும்.
பத்தடி, இருபதடி.
பின்னால் நகங்கள் தார்ச்சாலையைக் கீறும் சத்தம்.

இரண்டு கை தூரத்தில் நின்றுவிட்டது,
செருப்பைப் பார்த்து.
மூச்சிரைப்பில் என் கை மேலேதான் இருந்தது.
பயந்த கைக்கு
அடிக்கிற ஆசை எவ்வளவு சீக்கிரம் வருகிறது!
இப்போது அடித்தால்
ஓடியதற்கு என்று நான் நினைத்துக்கொள்வேன்.
வந்ததற்கு என்று அது நினைத்துக்கொள்ளும்.
செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தேன்.

முந்தானை முடிச்சில் கடலை தீர்ந்திருந்தது.
சிவப்புத் தோல்தான் கொஞ்சம், தூளாக.
நீட்டினேன்.
தூள் போன பிறகும்
உள்ளங்கையை விடவில்லை நாக்கு.

"அதே லாரியா? நம்பர் பாத்தியா?"
என்று கேட்டார் தனகோட்டி.
முதுகைக் காட்டி ஓடினவளுக்கு
நம்பர் எப்படித் தெரியும்?