இதர

நான்கு பேருக்கு ஒரு கார்.
செவ்வாய்க்கிழமை என்னுடையது,
அன்றைக்கு யாருக்கும் கோர்ட் இல்லையென்றால்.

மபுமுலோ தாண்டியதும் தார் முடிகிறது.
பிறகு செம்மண்.
மழை பெய்தால் அதுவும் இல்லை.
லாக் புத்தகத்தில் கிலோமீட்டர் எழுதுகிறேன்.
காரணம்: வீட்டைப் பார்க்க.
வீடு என்னைப் பார்ப்பதற்கு
அதில் கட்டம் கிடையாது.

நாய்க்கு முன்னால் ஒரு பையன் ஓடுகிறான்:
நொன்ஹ்லாலகாஹ்லே வந்தாச்சு!
என் வேலைக்கு இங்கே அதுதான் பேர்.
ஹ்லாலா என்றால் உட்கார், தங்கு, வாழ்.
மூன்றுக்கும் சேர்த்துத் தமிழில்
இரு என்றால் போதும்.
காஹ்லே, நன்றாக.
நன்றாக இருங்கள் என்று சொல்லிவிட்டு
நாலரைக்குள் சாவியை ஒப்படைக்க வேண்டியவள் நான்.
பெரும்பாலும் நின்றபடியேதான் எழுதுகிறேன்.

ந்தொம்பிகயீசே. வயது பதினாறு.
அப்பாவின் பெண் என்று பொருள்.
அப்பா ருஸ்டன்பர்க் சுரங்கத்துக்குப் போய்
மூன்று கிறிஸ்துமஸ் ஆகிறது.
பணம் வந்தது முதலாவதற்கு மட்டும்.
அம்மா, சோளத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு.
தம்பிகள் இருவர். சின்னவன் ம்ஃபனஃபுதி
என் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

உணவு? கூரை? தண்ணீர் எத்தனை மீட்டரில்?
பிறப்புச் சான்றிதழ் யார் கையில்?
பதினொரு கேள்விக்கும் ம் கொட்டினாள்,
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின்
பேச்சைக் கேட்பவள் போல.
பன்னிரண்டாவது: இதர.
அதற்குத்தான் நிமிர்ந்தாள்.

உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

யார் வருகிறார்கள் என்று கேட்டேன்.
காலிப் பானையைத் திருப்பி வைத்தாள்.
மறுபடி கேட்டேன்.
பானையை மறுபடி நிமிர்த்தினாள்.

போலீசுக்கு எழுதினேன்.
ரசீது வந்தது, ஜீப் வரவில்லை.
இலாகாவுக்கு எழுதினேன்.
உதவிப் பட்டியலில் தாழ்ப்பாள் இல்லை,
போர்வை உண்டு, எத்தனை வேண்டும் என்றார்கள்.

ஸ்டேங்கரில் குப்பன் ஹார்ட்வேர்.
திருகாணி நாலும் சேர்த்து நாற்பத்திரண்டு ரேண்ட்.
திருட்டு பயமா அக்கா, உங்க வீட்டில்?
எங்க வீட்டில் இல்லை என்றேன்.

அப்புறம் க்ளட்ச் போனது.
அப்புறம் வேலைநிறுத்தம்.
அப்புறம் ஆறு பாலத்தில் பாதியைக் கொண்டுபோனது.
பதினொரு செவ்வாய்
என் கைப்பையில் சீப்போடும் சாப்பாட்டு டப்பாவோடும்
கலகலத்துக் கிடந்தது அந்தப் பித்தளை.

பன்னிரண்டாம் செவ்வாய்
கதவில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.
கட்டில் கம்பியை வளைத்து,
வேலிக் கம்பியில் இரண்டு வளையம்.
உதைச்சுப் பாருங்க என்றாள் உள்ளேயிருந்து.
உதைத்தேன்.
கதவு அசையவில்லை. கட்டைவிரல் நகம் கறுத்தது.

என்னுடையதை வாங்கி,
சில்லறை சரிபார்ப்பவள் போல
இரண்டு பக்கமும் பார்த்தாள்.
மேல் வீட்டுக்குக் கொடுங்க,
அங்கே மூணு பொண்ணுங்க.
பிறகு விரல் மடக்கத் தொடங்கினாள்.
ஆற்றோரம் நாலு வீடு.
கடைக்குப் பின்னால் மூணு.
பேர் சொல்ல மாட்டேன், ஒண்ணு.
பத்தாவது விரலில் தயங்கினாள்.
பள்ளிக்கூடக் கழிப்பறை.
அதுக்கு முதல்ல கதவு வேணும்.

வட்டாரத் தேவைகள் மதிப்பீடு
நாற்பது பக்கம் கேட்டிருந்தார்கள்.
ஒன்பது தாழ்ப்பாள், ஒரு கதவு என்று அனுப்பினேன்.
சிவப்பு மையில் திரும்பி வந்தது:
தகவல் ஆதாரம் என்ன?
ஒரு பெண், பத்து விரல் என்று எழுதினேன்.
அதற்குப் பதில் இன்னும் இல்லை.

அந்தச் செவ்வாய்,
பட்டியல் முடிந்ததும்
கவிழ்த்த பீர் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளி
ஹ்லாலா என்றாள்.
சின்னவன் பேனா மூடியைத் திருப்பிக் கொடுத்தான்,
பல் தடங்களோடு.
இருட்டும்வரை தண்ணீர் விலையும்
ரேடியோவில் கேட்ட கால்பந்தும் பேசினோம்.

சாவி ஒப்படைத்த நேரம்: ஏழு பத்து.
தாமதத்திற்குக் காரணம் என்ற கட்டத்தில்
இருந்தேன் என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.