இரண்டாவது வளைவு வரைக்கும்

பதினாறாயிரம். அதற்கு மேல்
ஒரு ரூபாய் கிடையாது என்று
அஸ்தம்பட்டி சிக்னலிலேயே சத்தியம் செய்துகொண்டுதான்
கடைக்குள் போனேன்.

முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த ஒன்று
வாசலில் நின்றது, மாப்பிள்ளை மாதிரி.
இருபத்தோரு கியர். சிவப்பு எழுத்து.
தூக்கிப் பார்த்தேன்:
கேஸ் சிலிண்டர் தேவலை.

"எந்த மலைக்கு, மேடம்?"
சஃபியுல்லா, என்னைவிடப் பத்து வயது சின்னவன்.
கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினேன்.
மின்கம்பிகளுக்குப் பின்னால் சேர்வராயன்
பாதி மேகத்துக்குள்.
"இருபது வளைவுமா?"

பொய் சொல்லியிருக்கலாம்.
"ரெண்டாவது வரைக்கும். ஞாயிறு மட்டும்.
அங்க உட்கார்ந்து
மிளகாய்ப்பொடி போட்ட மாங்காய் ஒரு துண்டு.
அப்புறம் இறங்கிடுவேன்."

சிரிப்பான் என்று நினைத்தேன்.
குனிந்து, மூலையிலிருந்து
ஸ்பிரிங்கே இல்லாத சாம்பல் நிற வண்டியொன்றை
இழுத்துப்போட்டான்.
"ஏறுறதுக்கு உங்க கால் இருக்கு.
இறங்குறதுக்குத்தான் காசு போடணும்."
உருட்டி, பிரேக்கைத் தொட்டேன்.
நின்றது,
இன்கிரிமென்ட் பேச்சு
எங்கள் மேனேஜர் முன்னால் நிற்பதுபோல.

பதினாறாயிரத்து முந்நூறு.
சத்தியம் முந்நூறு ரூபாய்க்கு உடைந்தது;
பெல்லை இலவசமாகக் கேட்டு வாங்கினேன்.

செர்ரி ரோட்டின் ஒவ்வொரு வேகத்தடையும்
மணிக்கட்டில் வந்து கையெழுத்துப் போட்டது.

ஞாயிறு,
முதல் வளைவிலேயே இறங்கித் தள்ளினேன்.
சைக்கிள் மேல் தப்பில்லை என்று
தடுப்புச்சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கிடம்
சொல்லவேண்டியிருந்தது.
அது மாங்காயையே பார்த்தது.