முகுளம்

வென்டிலேட்டரைக் கழற்றும்போது
மணி நாலு பத்து.
ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி, மாடி ஐசியு.
ஏசி சொட்டுகிறது, கீழே ஒரு பச்சை வாளி.

மூன்றாம் கட்டிலில் சீனி நெய்னா,
பெரியபட்டினம், வயது இருபத்தாறு,
சங்கு குளிப்பவன்.
காதுமடலுக்குப் பின்னால்
எத்தனை துடைத்தும் போகாத உப்பு.

குழாய் இருக்கிறது,
குழாய்க்குள் ஆக்சிஜன் போகிறது.
யாரும் ஊதாமல்
அவனாக இழுக்கிறானா என்று
பார்த்துக்கொண்டு நிற்பதுதான் சோதனை.

பிடரிக்கு உள்ளே, தண்டுவடம் தலைக்குள் நுழையும் இடத்தில்
கட்டைவிரல் நுனியளவு சதை.
முகுளம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.
மொட்டு.
அதன் அடிப்பக்கத்துச் செல்கள் சில
நாக்கில்லாமல் புளிப்பறியும்.

கரியமில வாயு:
கரி, அமிலம், பேரிலேயே சொல்லியாயிற்று.
வெளியே விடாத மூச்சு ரத்தத்தில் கரைந்து
மூளையைச் சூழ்ந்த நீரைக் கொஞ்சம் புளிக்க வைக்கும்.
புளி கரைத்த விரலை
ஒரு குடம் தண்ணீரில் அலசினால் எவ்வளவோ
அவ்வளவுகூட இராது.
மொட்டுக்கு அது போதும்,
விலாவுக்கும் உதரவிதானத்துக்கும் ஆள் அனுப்பிவிடும்:
இழு.

மூச்சு முட்டுகிறது என்கிறோமே,
அது காற்றுக்கான பசி இல்லை, பெரும்பாலும்.
உள்ளே சேர்ந்துவிட்ட புகையின் புழுக்கம்.
காற்று தீர்வதைப் பார்க்க
கழுத்து நாடியில் வேறொரு காவல்காரன் உண்டு.
அவன் எழுந்து வர நேரமாகும்.

கரை சேர்த்த அசனா வராண்டாவில் நின்று சொன்னான்,
சட்டை இன்னும் ஈரமாக:
"முங்கறதுக்கு முந்தி இருவது தரம்
வேகமா இழுத்து இழுத்து விடுவோம் டாக்டர்.
அப்பறம் முட்டாது.
கடல் பெரிசாயிரும்."

அசனா, அந்த இருபதில்
புளிப்பைக் கழுவி வெளியே கொட்டிவிடுகிறீர்கள்.
ருசிக்க ஒன்றுமில்லாத மொட்டு கண்ணயரும்.
ஐந்து பாகம் ஆழத்தில் காற்று குறையும்,
யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.
மேலே வருகிறபோது, சூரியன் தெரிகிற இடத்தில்,
தலைக்கும் காற்றுக்கும் இரண்டு முழம் இருக்கையில்
விளக்கு அணையும்.
இதை அவனிடம் நான் சொல்லவில்லை.
இடுப்பு வலையில் பதினோரு சங்கு இருந்ததாம்.
பன்னிரண்டாவது கையிலிருந்து நழுவியதை
அவன் பார்த்திருக்கிறான்.

ஒரு நிமிடம்.
நெஞ்சு அசையவில்லை.
இரண்டு.
"நீங்க மூச்சு விடுங்க டாக்டர்" என்றாள்
சிஸ்டர் குருவம்மாள்.
அப்போதுதான் தெரிந்தது, நானும் பிடித்திருந்தேன்.
நல்ல மொட்டு உள்ளவர்களுக்கு
ஒரு நிமிடத்துக்கு மேல் துணைக்குப் போக முடியாது.

மூன்று.
ரத்தத்தில் புளிப்பு ஏறிக்கொண்டிருக்கும்.
நான்கு. ஐந்து.
டார்ச்சை வயிற்றின் மேல் சாய்த்துப் பிடித்தோம்,
நிழலாவது அசையட்டும் என்று.
வாளியில் சொட்டு விழுகிற சத்தம்
எரிச்சலாக இருந்தது.

ஆறு முடிந்து கொஞ்சம் போயிருக்கும்.
தொப்புளுக்கு மேலே ஒரு சுருக்கம்.
அலையற்ற வாடைக்கடலில்
மீன் புரண்டால் தெரியுமே, அந்த அளவு.
குருவம்மாள் என்னைப் பார்த்தாள்.
நான் இன்னொன்றுக்குக் காத்திருந்தேன்.
வந்தது.

மெஷினை மாட்டினோம்.
ரத்தம் எடுத்து அனுப்பினோம்.
தாளில் எழுதினேன்: தானாக மூச்சு முயன்றார்.
எழுந்திருப்பார் என்று எழுத
அந்தத் தாளில் இடமில்லை, எனக்கும் தைரியமில்லை.

கதவருகே சுபைதா, அவன் உம்மா.
பிழைப்பானா என்று கேட்கவில்லை,
முகத்தையே பார்த்தாள்.
"தெரியலம்மா. ஆனா மூச்சு கேட்டான்" என்றேன்.
கடைசி வார்த்தை மட்டும் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.
மாடிப்படியில் போனில் யாரிடமோ,
அழுகையும் அதட்டலுமாக:
"கேட்டானாம்ல, எம் புள்ள,
கேட்டானாம்."