இருநூற்று அறுபது மில்லி

கேத்தியில் ஜனவரி.
கேரட் கழுவும் தொட்டியோரம்
பனி உப்பாகப் படிந்திருக்கும்.
மண்டிக் கணக்கை முடித்து வந்து
அடுப்பை ஒட்டி உட்கார்ந்தால்
முதலில் மூக்கு திரும்பும், பிறகு விரல்கள்,
வெகுநேரம் கழித்துக் கால்.
மார்பு வராது.
இரண்டு ஸ்வெட்டருக்குள்ளே
ராத்திரி வாசலில் மறந்த பாத்திரம்போல்
தன் குளிரிலேயே இருக்கும்.

கோயம்புத்தூர் டாக்டருக்கு
இது தெரிய நியாயமில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்
சீட்டுப் பணத்தில் வைத்துக்கொண்டவை.
பக்கத்துக்கு இருநூற்று அறுபது மில்லி.
எண் அச்சடித்த அட்டை ஒன்று தந்தார்கள்,
மிக்ஸிக்குத் தருவதுபோல்.
ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன்.

யாருக்காக என்று கேட்காதவர் இல்லை.
கண்ணாடிக்காக என்பேன். பாதிப் பொய்.
மீதிப் பாதிக்குப்
பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருந்தது:
பலகை.

இடது பக்கம் கல்லாகத் தொடங்கியபோது
தூக்கம் வராத ராத்திரிகளில் போனில் படித்தேன்.
ஆதியில் மெழுகை உருக்கி ஊசியில் ஏற்றினார்களாம்.
மெழுகு ஏற்றிய இடத்தில் நிற்கவில்லை.
கட்டியானது, புண்ணானது,
அறுத்துத்தான் எடுத்தார்கள்.
அப்புறம் ஸ்பாஞ்சு. அதுவும் சுருங்கி இறுகியது.
அப்புறம் யாரோ ஒருவர்
ரத்தப் பையை அமுக்கிப் பார்த்து
அடடே என்றிருக்கிறார்.

முதலில் ஒரு நாய்க்கு வைத்தார்கள்.
அது தையலைக் கடித்துக்கொண்டே இருந்ததால்
எடுத்துவிட்டார்கள்.

அடுத்து ஒரு பெண்.
பச்சை குத்தியதை அழிக்க வந்தவள்.
அவளுக்கு வேண்டியிருந்தது வேறு:
துருத்திய காதைச் சரிசெய்வீர்களா?
செய்தார்களாம்.
மார்பையும் செய்தார்கள்.
அந்தக் காதைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன்.

குன்னூரில் டாக்டர் ஹெப்சிபா
படத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சொன்னார்:
வந்தது யாரென்று உடம்புக்குத் தெரியாது,
சுற்றிச் சுவர் கட்டும்.
சிலருக்குச் சுவர் மெல்லிசு.
உனக்கு இறுகிவிட்டது, லோசினி.

நம் மலையில் யூகலிப்டஸ் மாதிரி,
என்றாள் கூட வந்த சகுந்தி.
வாயை மூடு என்றேன்.
மலையைக் கேட்டு யாரும் நடவில்லை.
நான் கையெழுத்துப் போட்டேன்,
மூன்று இடத்தில்.

அந்த ஆறேழு வருஷம்
நான் நிமிர்ந்து நடந்ததும் உண்மை.
மார்க்கெட் படியில் இறங்கும்போது
பலகை என்று கூப்பிட்டவளே
எங்கே தைத்த ஜாக்கெட் என்று கேட்டாள்.
அதை யாரிடமும் திருப்பித் தரமாட்டேன்.

எடுத்தபின் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
மூடிபோட்ட டப்பாவில் இரண்டும்
மங்கலாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு.
மண்டியில் ஆள் குறைந்த நேரம் பார்த்துத்
தராசில் வைத்தேன்.
ஐந்நூற்றுப் பதினைந்து கிராம்.
போஜன் அண்ணன் எட்டிப் பார்த்து
இது என்ன ரகம் என்றார்.
வெளிநாட்டு ரகம், அண்ணா.
கிலோ என்ன போகும்?
நான் சிரித்ததில் தையல் இழுத்தது.

நேற்று மறுபடி உறைபனி.
அடுப்படியில் மூக்கு, விரல், கால்.
மார்பு எப்போது வந்ததென்று கவனிக்கவில்லை.
பதினோரு ஜாக்கெட்டைப்
பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.